ரூட்டிங் நிரல் திருத்தங்களும் ஷெல் சோதனைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், தரவு எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ரூட்டிங் நிரல். அதில் செய்யப்படும் சிறு திருத்தம்கூட அந்தக் கணினி வழியே செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தரவுத் துண்டையும், பாதிக்கக்கூடியது. அதனால்தான் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களில் இத்தகைய திருத்தங்களோடு, கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் எழுதிய சோதனைகளையும் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் நிரல் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் தேறிவிடுகிற சோதனை, சோதனையே இல்லாததைவிடக் கெடுதலானது. பின்னால் வருபவர்கள் அதை நம்பித்தான் அடுத்த மாற்றத்தைச் செய்கிறார்கள். ஆகவே திருத்தம் இல்லாத பழைய கெர்னலில் சோதனையை ஒருமுறை ஓட்டி, அது தோற்பதைக் கண்ணால் பார்க்காமல் அனுப்புவதையே முதல் தவறாகச் சொல்வேன்.

சோதனைகள் பொய்யாகத் தேறுவதற்கு மிகப் பெரிய காரணம், எழுத்துத் தொடரைத் தேடும் கிரெப் கட்டளையைக் கவனமின்றிக் கையாள்வது. 192.0.2.1 என்ற முகவரிக்கான வழி சேர்ந்ததா என்று அறிய, வழிகளைப் பட்டியலிடும் ரூட்டிங் அட்டவணை முழுவதையும் அச்சிட்டு கிரெப்புக்கு அனுப்புகிறார்கள். 192.0.2.10, 192.0.2.100 ஆகிய முகவரிகள் இருக்கும் வரிகளும் அந்தத் தேடலில் சிக்கும். போதாததற்கு, கிரெப்புக்குப் புள்ளி என்பது எந்த எழுத்தாகவும் இருக்கலாம். வழி சேர்ந்ததைப் பார்க்கும் சோதனை இதனால் பொய்யாகத் தேறும், நீங்கியதைப் பார்க்கும் சோதனை பொய்யாகத் தோற்கும். லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட்’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘ரூட் கெட்’ என்று கெர்னலிடமே கேட்டால், எதைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதை அல்ல, எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதையே அது சொல்லும். அதோடு நின்றுவிடாமல் உண்மையான பாக்கெட் ஒன்றையும் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

ஷெல்லின் இயல்பும் தோல்வியை மறைக்கும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில் கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே மொத்த முடிவாகக் கொள்ளப்படும். இதை மாற்றும் ‘பைப்ஃபெயில்’ தேர்வு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் 2024இல்தான் இடம்பெற்றது. ‘லோக்கல்’ என்று மாறியை அறிவிக்கும் அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை அதற்கு அளித்தால், அந்தக் கட்டளை தோற்றது வெளியே தெரியாது. பிழை வந்தவுடன் நிற்கச் செய்யும் ‘செட் -இ’, ‘இஃப்’ நிபந்தனைக்குள் அழைக்கப்படும் செயற்கூறுக்குள் வேலை செய்யாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாஷ் என்ற ஷெல்லுக்கு மட்டுமே உரிய இலக்கணத்தை எழுதிவிட்டு முதல் வரியில் ‘எஸ்எச்’ என்று குறிப்பிடுவதும் தவறே. டெபியன் லினக்ஸில் அந்தப் பெயரில் இருப்பது டாஷ் என்ற வேறொரு ஷெல்.

சோதனையைக் கணினியின் சொந்த ரூட்டிங் அட்டவணையில் ஓட்டவே கூடாது. தொலைவிலிருந்து இணைந்திருப்பவரின் இணைப்பு அறுந்துபோகலாம். இணையாக ஓடும் சோதனைகள் ஒன்றையொன்று கெடுக்கலாம். தனியான வலைப்பின்னல் சூழலைத் தரும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸும் அதை வெளியோடு இணைக்கும் மெய்நிகர் கம்பியான வீத் இணையும் லினக்ஸில் இதற்கு உதவும்; ஃப்ரீபிஎஸ்டியில் அவற்றுக்கு இணையானவை விநெட் ஜெயிலும் ஈபேரும். முகவரிகளுக்கு, இணைய நெறிமுறைக் குறிப்பான ஆர்எஃப்சி 5737 ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தவென ஒதுக்கிய 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகியவற்றையே எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்தும் சோதனைக் கட்டமைப்பான ஏடிஎஃப்பில் எழுதிய சோதனைகளில் துப்புரவுப் பகுதி தனிப் புராசஸாக ஓடுவதால், சோதனையின் உடற்பகுதியில் வைத்த மாறிகள் அங்கே கிடைக்காது.

ஐபிவி6 முகவரியைச் சேர்த்த மறுகணமே அதைப் பயன்படுத்தும் சோதனை சில வேளை தேறும், சில வேளை தோற்கும். அந்த முகவரி வேறொருவரிடம் இல்லை என்று உறுதிசெய்ய கெர்னல் இயல்பாக ஏறத்தாழ ஒரு நொடி எடுத்துக்கொள்வதே காரணம். கண்மூடித்தனமாக, காத்திருக்கச் செய்யும் ‘ஸ்லீப்’ கட்டளையைப் போடுவதற்குப் பதிலாக, அந்தச் சரிபார்ப்பைச் சோதனைக்குள் அணைத்துவிடலாம், அல்லது முகவரி தயாராகும்வரை மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.

நிரலின் பக்கம், சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் அதிகப் பிழைகள் ஒளிந்திருக்கும் என்பது என் கருத்து. 203.0.113.0/24, அதற்குள் 203.0.113.0/25 என இரண்டு வழிகளை வைத்து, குறுகியதை நீக்கியதும் அகன்றது பொறுப்பேற்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருக்கும் சாக்கெட்டுகள், அதாவது நிரல்களின் இணைப்பு முனைகள், முன்பு கண்டறிந்த வழியைக் கையில் வைத்திருக்கும். அட்டவணை மாறும்போது அந்தச் சேமிப்பைச் செல்லாததாக்கும் தலைமுறை எண்ணை உயர்த்த மறந்தால், புதிய இணைப்புகள் சரியாகப் போக, பழையவை மட்டும் இல்லாத வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடத்தைக் குறிக்கும் நெக்ஸ்ட் ஹாப்பின் நினைவகத்தை உடனே விடுவிப்பதும் ஆபத்து. லினக்ஸில் ஆர்சியு, ஃப்ரீபிஎஸ்டியில் எபோக் என, பூட்டின்றிப் படித்துக்கொண்டிருப்பவர்கள் வெளியேறும்வரை காத்திருக்கும் ஏற்பாட்டின் வழியாகவே விடுவிக்க வேண்டும். பயனர் நிரல்களோடு பேசும் செய்தி அமைப்பின் நடுவில் புதிய புலத்தைச் செருகினால், முன்பே கம்பைல் செய்த கருவிகள் தவறான இடத்திலிருந்து மதிப்பைப் படிக்கும்.

நிர்வாகிக்குரிய ரூட் அனுமதியோ தேவையான கருவியோ இல்லாதபோது, வெற்றியைக் குறிக்கும் சுழியத்தோடு வெளியேறுவதும் பரவலான தவறு. அது தேறியதாகவே கணக்கில் சேரும். லினக்ஸ் கெர்னலின் சோதனைத் தொகுப்பான கெசெல்ஃப்டெஸ்டில் வெளியேறும் எண் 4 என்பது ‘தவிர்க்கப்பட்டது’ என்று பொருள்படும். ஏடிஎஃப்பிலும் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு.