பரிணாமத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக உயிரியல் பாடம் எடுப்பவர்களின் வகுப்பில் அவ்வப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு காலத்தில் நானே அடித்துவிட்ட அதே வசனங்கள் அட்சரம் பிசகாமல் வருகின்றன. 'குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது' ரகக் கேள்விகளை விடுங்கள், அதற்குப் பதில் எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்ல வருவது, ஆசிரியர்களே வகுப்பில் சொல்லும் இந்தத் தவறான வசனங்களை.

'தேவைப்பட்டது, அதனால் மாறியது'

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல்தான். 'மருந்தைச் சமாளிக்க பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டது' என்றார் ஒருவர். வகுப்பே அதை எழுதிக்கொண்டது. இது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் சடுதிமாற்றம் (மரபணுவில் தற்செயலாக வரும் மாற்றம்), இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுவது) என்று எதைச் சொன்னாலும் ஏறாது.

1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற விஞ்ஞானிகள் செய்த சோதனையை முதலில் சொல்லுங்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி எடுத்தார்கள். அதே துணியை, பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த தட்டுகளில் ஒற்றினார்கள். முதல் தட்டின் எந்த இடத்திலிருந்து வந்தவை பிழைத்தன என்று இப்போது தெரியும். அந்த இடத்துப் பாக்டீரியாவை, மருந்து வாடையே படாத தட்டிலிருந்து எடுத்துப் பெருக்கி, எதிர்ப்புள்ளவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். எதிர்ப்பு முன்பே இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றது, அவ்வளவுதான்.

பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாப்னே மேஜர் தீவிலும் இதே கதைதான். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோக, பெரிய விதையை உடைக்க முடிந்த கனத்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு கனத்தது. ஆனால் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை! பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர்கள் குருவி குருவியாக அளந்து வைத்ததால்தான் இதை அடித்துச் சொல்ல முடிகிறது.

'மேலே மேலே ஏறுகிறது'

1983 பெருமழைக்குப் பிறகு அதே தீவில் சிறிய அலகுக்கு யோகம் அடித்தது. பரிணாமம் ஏணி இல்லை; சூழல் மாறினால் தேர்வின் திசையும் மாறும்.

'வலிமையானதே பிழைக்கும்'

பரிணாமம் எண்ணுவது பலத்தை அல்ல, விட்டுச்செல்லும் சந்ததியை. பலசாலி சந்ததி விடாமல் செத்தால் கணக்கில் பூஜ்யம்.

'ஒருநாள் புதுச் சிற்றினம் பிறந்தது'

குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) எண்ணிக்கை இரட்டிக்கும் சில தாவரங்களில் ஏறக்குறைய அப்படி நடக்கும். மற்றபடி, ஒரே இனக்கூட்டம் இரண்டாகப் பிரிவதுதான் பெரும்பாலும் முதல் படி. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் எழுந்து கடலை இரண்டாக்கியது. இருபுறமும் மாட்டிக்கொண்ட சொடுக்கு இறால்கள் (கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் இறால்கள்) பார்க்க இன்றும் ஒரே மாதிரி. ஆனால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே தொட்டியில் விட்டால், பல ஜோடிகளில் இணை சேர்வதற்குப் பதில் சண்டைதான்.