தெரிந்த சொல், தெரியாத பொருள்: கிரேக்க மெய்யியல் படிப்போர்க்கு எழும் கேள்விகள்

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே படிந்துவிடும். காதில் விழும் சொல் நன்கு தெரிந்த சொல்லாக இருந்தாலும், பேசுகிறவர் தமிழில் பேசுகிறாரா மலையாளத்தில் பேசுகிறாரா என்று பார்த்த பிறகே பொருள் கொள்வோம். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீர், நமக்கு அது ஆற்றுப் பெருக்கு. அவர்களுடைய ‘அவசரம்’ வாய்ப்பைக் குறிக்கும், நம்முடையது பதற்றத்தைக் குறிக்கும். ‘அவகாசம் உண்டு’ என்று ஓர் எழுத்தர் மலையாளத்தில் சொன்னதை ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவன் நான். அவர் சொன்னது எனக்கு உரிமை உண்டு என்பதைத்தான்.

எங்கள் வாசகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடிப் பிளேட்டோவைப் படித்துவருகிறோம். கிரேக்க மெய்யியலுக்குள் நுழைகிறவர்களுக்கு எல்லையூர்க்காரர்களின் இந்த எச்சரிக்கையைவிடப் பயனுள்ள முன்தயாரிப்பு வேறில்லை என்பது அந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றியது. அங்கே அடிக்கடி எழும் கேள்விகளையும் அவற்றை நாங்கள் கையாளும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

வரலாற்று நூல்கள் முதல் கிரேக்க மெய்யியலாளராகக் கருதப்படும் தேல்ஸிலிருந்து தொடங்குவதால் படிப்பவர்களும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து. தேல்ஸ் எழுதியதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்று அவர் கருதியதாக நாம் அறிவது, ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்து எழுதிய அரிஸ்டாட்டில் வழியாகத்தான். அவரும் தேல்ஸ் ஏன் அப்படி எண்ணினார் என்பதை ‘ஒருவேளை’ என்ற தயக்கத்துடனேயே விளக்குகிறார். ஆகவே பிளேட்டோவின் சிறிய உரையாடல்களான யூதைஃப்ரோ, அப்பாலஜி, கிரிட்டோ ஆகியவற்றில் தொடங்கி, மேனோவைப் படித்து, குடியரசின் முதல் பகுதிக்கும், பிறகு அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலில் முதல் இரு பகுதிகளுக்கும் செல்லலாம். தேல்ஸ், ஹெராக்ளைட்டஸ் போன்ற சாக்ரடீஸுக்கு முற்பட்டவர்களிடம் அதற்குப் பிறகு திரும்பினால், அவர்களைப் பற்றிய செய்திகளில் எது அவர்களுடையது, எது பின்னால் வந்தவர்களுடையது என்று பிரித்துப் பார்க்கும் கண் வந்திருக்கும்.

கிரேக்கம் கற்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: 24 எழுத்துகளையும் ஒரு டஜன் சொற்களையும் கற்றால் தொடக்கத்திற்குப் போதும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் இணையத்தளத்தில் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பக்க ஓரத்து எண்கள் எதற்கு?

திருக்குறளில் ‘50ஆம் குறள்’ என்றால் எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் அதே குறளைக் காணலாம். பிளேட்டோவுக்கு அந்த வசதியைத் தந்தது, ஸ்டெஃபானுஸ் என்று லத்தீனில் அழைக்கப்பட்ட பதிப்பாளர் 1578இல் வெளியிட்ட மூன்று தொகுதிப் பதிப்பின் பக்க எண்கள். ஒவ்வொரு பக்கமும் ஆங்கில எழுத்துகளான ஏ (a) முதல் ஈ (e) வரை பிரிக்கப்பட்டிருக்கும். குகைக் கதை குடியரசில் 514 ஏ பகுதியில் தொடங்குகிறது என்றால், எந்த மொழிபெயர்ப்பிலும் ஓரத்தில் அந்த எண்ணைத் தேடலாம். தொகுதிதோறும் எண்கள் மீண்டும் தொடங்குவதால், உரையாடலின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் பின்னர் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் பெர்லினில் வெளிவந்த பெக்கர் பதிப்பின் எண்கள் வழங்குகின்றன. சாக்ரடீஸுக்கு முற்பட்டவர்களின் சிதறல் வரிகளுக்கு டீல்ஸ், கிரான்ஸ் என்ற அறிஞர்களின் தொகுப்பு எண்கள் உள்ளன. அவற்றில் ஏ என்பது ஒருவரைப் பற்றிப் பிறர் சொன்னதையும், பி என்பது அவருடைய சொந்தச் சொற்களாகக் கருதப்படுவதையும் குறிக்கும்.

இதைச் சொன்னது சாக்ரடீஸா, பிளேட்டோவா?

பிளேட்டோவின் உரையாடல்கள் பலவற்றில் முதன்மையாகப் பேசுபவர் அவருடைய ஆசிரியர் சாக்ரடீஸ். ஆனால் கி.மு. 399இல் நஞ்சருந்தி இறந்த சாக்ரடீஸ் எதையும் எழுதிவைக்கவில்லை. அவரைப் பிளேட்டோவும், அவரோடு பழகிய இன்னொரு எழுத்தாளரான செனஃபோனும் இரண்டு விதமாகக் காட்டுகிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே, கி.மு. 423இல், அரிஸ்டோஃபேனிஸ் தம் நாடகத்தில் அவரைக் கூடையில் தொங்கவிட்டுக் கேலி செய்துவிட்டார். இதற்கு அறிஞர்களிடமே ஒருமித்த தீர்ப்பு இல்லை என்பதால், தொடங்குகிறவர் தீர்ப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறிப்பேட்டில் ‘சாக்ரடீஸ் கூறினார்’ என்று எழுதாமல் ‘யூதைஃப்ரோவில் சாக்ரடீஸ் கூறுகிறார்’ என்று எழுதினால் போதும். சாக்ரடீஸின் கடைசி நாளைச் சொல்லும் ஃபைடோவில் (59 பி), அன்று உடனிருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவரும் பாத்திரம், பிளேட்டோவுக்கு உடல்நலமில்லை என்று நினைக்கிறேன் என்கிறது. அந்த நாளை அவ்வளவு நுட்பமாக எழுதியவர், தாம் அங்கே இல்லை என்பதையும் தம் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார்.

அரெடே என்றால் அறமா?

எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் இந்தக் கிரேக்கச் சொல்லைப் பற்றியதுதான். ஆங்கில நூல்கள் வழியாக வரும்போது அது ‘நற்குணம்’ என்றோ ‘அறம்’ என்றோ தமிழாகிவிடுகிறது. ஆனால் குடியரசின் முதல் பகுதியில் (352 ஈ முதல்) சாக்ரடீஸ் குதிரைக்கும் கண்ணுக்கும் காதுக்கும்கூட அரெடே உண்டு என்கிறார். திராட்சைக் கொடியை எந்தக் கத்தியாலும் வெட்டலாம் என்றாலும், கவாத்துச் செய்வதற்கென்றே ஆன கத்திதான் அதைச் செவ்வையாகச் செய்யும் என்று எடுத்துக்காட்டிவிட்டு, ஒவ்வொன்றும் தனக்கே உரிய வேலையைச் செவ்வையாகச் செய்வது அதனதன் அரெடேயால்தான் என்கிறார்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் இதை விளக்கத் திராட்சைக்குப் போக வேண்டியதில்லை. தென்னையில் கள் இறக்குகிறவர் இடுப்பில் செருகியிருக்கும், பாளை சீவுகிற கத்தியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காய்கறிக் கத்தியாலும் பாளையைச் சீவ முடியும், ஆனால் பாளை நைந்துபோகும். சுண்டு விரல் அகலத்துக்குக்கூட வீணாக்காமல் தாள் போலச் சீவி எடுப்பது அந்தக் கத்தியின் அரெடே. அதைக் ‘கத்தியின் அறம்’ என்று சொன்னால் கள் இறக்குகிறவர் சிரிப்பார். ‘கத்தியின் மாண்பு’ என்றால் கொஞ்சம் பொருந்துகிறது. ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம்’ என்று அகநானூறு (149) மரக்கலத்தைச் சொல்லும்போது, அந்த ‘மாண்’ கிரேக்கர்களின் அரெடேக்கு வெகு அருகில் நிற்கிறது. ஆயினும் முதல் சில மாதங்களுக்கு அரெடேயை அரெடே என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வரும் இடங்களையெல்லாம் குறித்துவந்தால், மனிதனுக்கே உரிய வேலை என்ன என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் ஏன் அறவியலின் தொடக்கத்திலேயே எழுப்புகிறார் என்பது விளங்கும்.

யூடைமோனியா என்ற கிரேக்கச் சொல்லை ‘மகிழ்ச்சி’ என்று பெயர்த்தாலும் இதே தொல்லைதான். ஒருவர் இறக்கும்வரை அவரை அந்தச் சொல்லால் அழைக்கலாகாது என்ற ஏதென்ஸ் அறிஞர் சோலனின் கூற்றை எடுத்துக்கொண்டு, இறந்த பிறகு பிள்ளைகளுக்கு நேரும் கேடு அவரைத் தொடுமா என்றுகூட அரிஸ்டாட்டில் ஆராய்கிறார். மனநிலையைக் குறிக்கும் சொல்லானால் இந்த ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. வள்ளுவரின் ‘வாழ்வாங்கு வாழ்தல்’ இதைவிட நெருங்கிய தொடர்.

சைக்கே என்ற கிரேக்கச் சொல்லை ‘ஆன்மா’ என்று படித்தவர், செடிக்கும் சைக்கே உண்டு என்று அரிஸ்டாட்டில் சொல்லும் இடத்தில் திகைத்துப்போவார். ‘உயிர்’ என்று படித்தவருக்குத் திகைப்பு இராது. ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்ற தொல்காப்பிய வரி உடனே நினைவுக்கு வரும். எனினும் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தொல்காப்பியம் புல்லுக்குத் தொடு உணர்வைக் கொடுக்கிறது. அரிஸ்டாட்டிலோ செடிக்கு உணவு கொள்ளும், வளரும், இனம் பெருக்கும் ஆற்றலை மட்டுமே தந்து, புலனுணர்வை விலங்கிலிருந்துதான் தொடங்குகிறார். ஒற்றுமையைக் கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடாமல், அது எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்ப்பதே நல்லது.

கிரேக்கச் சிந்தனை எல்லாம் இங்கிருந்து போனதுதானே?

இந்தக் கேள்வி வராத வாரமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த வணிகமும், கோவை அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளும், பழைய சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து போன மிளகும் நம் வட்டாரத்துப் பெருமை என்பதால் கேட்பதில் தவறில்லை. ஆனால் காலத்தைக் கணக்கிட வேண்டும். அந்த வணிகம் உச்சத்தில் இருந்தது கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் இரு நூற்றாண்டுகளில்; தேல்ஸோ கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மிளகைக் காட்டி அவருடைய நீரை விளக்க முடியாது. அலெக்சாந்தரின் படையோடு, எதையும் ஐயுறும் மெய்யியலாளரான பிர்ரோன் இந்தியா வந்து இங்குள்ள துறவியரைச் சந்தித்தார் என்ற செய்தியோ வேறு வகையானது. அதைச் சொல்பவர் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட டயோஜெனிஸ் லயேர்ட்டியஸ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைத் தாராளமாக ஆராயலாம்.

இந்த டயோஜெனிஸ் வேறு, சாடியில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் டயோஜெனிஸ் வேறு. அதேபோல ஆமையை வேகமாக ஓடும் வீரன் அக்கிலிஸ் முந்த முடியாது என்று வாதிட்ட எலியாவின் ஸீனோ வேறு, ஏறத்தாழ கி.மு. 300இல் ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கிய கிட்டியத்தின் ஸீனோ வேறு. பெயரோடு ஊரையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

முதல் அமர்வை எப்படி நடத்துவது?

யூதைஃப்ரோ 2 ஏ முதல் 16 ஏ வரை செல்லும் சிறிய உரையாடல், ஆனால் ஒரே மூச்சில் படிக்கக் கூடாதது. யூதைஃப்ரோ தன் தந்தை மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கிறான். அவர்களிடம் வேலைசெய்த கூலியாள் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட, தந்தை அவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆளனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் கட்டுண்டவன் பசியாலும் குளிராலும் இறந்துபோகிறான்.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் குழுவில் உள்ள அங்கன்வாடி ஆசிரியை என்னிடம், “மாஷே (ஐயா), செத்தது கூலிக்காரன் என்பதால்தானே வீட்டார் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார்கள்?” என்று கேட்டார். “4 பி-யை இன்னொரு தடவை படியுங்கள் அக்கா,” என்றேன். இறந்தவன் அயலானா உறவினனா என்பது பொருட்டல்ல, கொன்றது நியாயமா என்பதுதான் கேள்வி என்று யூதைஃப்ரோ அங்கே சொல்வதைப் படித்ததும், அவன் மேல் அக்காவுக்கு இருந்த எரிச்சல் பாதி குறைந்தது.

புனிதம் என்பது எது என்று சாக்ரடீஸ் கேட்கும் 5 டி-யில் புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொருவரும் தம் விடையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பிறகு 6 டி வரை படித்து, தாம் எழுதியது வரையறையா, வெறும் எடுத்துக்காட்டா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆறு விடைகளில் ஐந்து எடுத்துக்காட்டுகளாகவே இருந்தன. ‘சாமிக்குப் பிடித்தது’ என்று எழுதியிருந்த அக்காவின் விடை மட்டும் தேறியது. இரண்டு வாரம் கழித்து, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமா, புனிதம் என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று கேட்கும் 10 ஏ வந்ததும், அவர் பழைய பக்கத்தைத் திருப்பி அதைத் தாமே அடித்துவிட்டார்.