மெட்டல் டிடெக்டர் தண்டை மாற்றும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெட்டல் டிடெக்டரின் தண்டு பார்வைக்கு வெறும் குழாய்தான். இரண்டு மூன்று துண்டுகள், நடுவே பூட்டுகள், கீழே ஒரு போல்ட். மின்னணுச் சுற்று இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸைத் திறக்கப் பயப்படுகிறவர்கள்கூட தண்டில் மட்டும் தயங்காமல் கைவைப்பது அதனால்தான். அறுப்பது, துளை போடுவது, டார்ச்சைக் கட்டுவது, பாரம் சேர்ப்பது என்று எல்லாம் நடக்கும். நடக்கட்டும். கடையிலிருந்து வந்தபடியே வைத்துக்கொண்டு தோள்வலியோடு தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மண்ணுக்குள் கிடக்கும் நாணயமும் நீங்கள் மாட்டிய திருகாணியும் காயிலுக்கு, அதாவது தண்டின் கீழ்முனையில் உலோகத்தை உணரும் அந்தத் தட்டுக்கு, ஒன்றுதான். தண்டும் அந்த அளவீட்டுக் கருவியின் ஒரு பாகம்.

காயிலுக்குப் பக்கத்தில் உலோகம்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். காயிலைத் தண்டோடு சேர்க்கும் நைலான் போல்ட்டின் மரை தேய்ந்து, இறுக்க இறுக்க வழுக்கியது. அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் ஒன்று கையிலிருந்தது. காந்தத்தில் ஒட்டாத எஃகுதானே, டிடெக்டருக்குத் தெரியாது என்று நினைத்து மாட்டிவிட்டேன். வீட்டில் ஆன் செய்து பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் தேடப் போனால், ஒவ்வொரு வீச்சிலும் காயில் திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு 'டிக்'. அதை நம்பி அரை நாள் வெறும் மண்ணைத் தோண்டினேன்.

காந்தத்தில் ஒட்டுகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. மின்சாரம் பாயக்கூடிய எந்தப் பொருளிலும் காயிலின் மாறும் காந்தப்புலம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். டிடெக்டர் கேட்பது அதைத்தான். அப்படியானால் வீட்டில் ஏன் சத்தம் வரவில்லை? பெரும்பாலான கருவிகள் தேடும் நிலையில் மாற்றத்தை மட்டுமே சத்தமாக்கும். காயிலோடு சேர்ந்தே நகரும் போல்ட் மாறாத சிக்னலைத் தருவதால் வடிகட்டப்பட்டுவிடும். கையில் எடுத்து வீசும்போது தண்டு லேசாக வளைகிறது, துளைக்குள் போல்ட் மயிரிழை அசைகிறது. அந்த அசைவுதான் 'டிக்'. சத்தம் வராவிட்டாலும் நஷ்டம் உண்டு. விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகைக் காயிலுக்குள் அனுப்பும் சுருளும் வாங்கும் சுருளும் ஒன்றின் தாக்கம் மற்றதில் படாதபடி நுணுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் நிரந்தரமாக ஒரு உலோகம் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சமநிலை கெட்டு, ஆழத்தில் கிடக்கும் சின்ன நாணயத்தின் மெல்லிய குரல் அமுங்கிப்போகும்.

இது இந்தக் கருவியோடு கூடவே பிறந்த பிரச்சினை. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தன் கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணம்.

சரி, எவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் போதும்? காயில் பெரிதாக ஆக இந்தத் தூரமும் கூடும், அதனால் உங்கள் கருவியிலேயே பார்த்துவிடுவது நல்லது. எல்லா உலோகத்துக்கும் சத்தம் தரும் நிலையில் வைத்து, சென்சிட்டிவிட்டியை உயர்த்தி, காயிலைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் மாட்ட நினைக்கும் திருகாணியை ஒரு மரக்குச்சி நுனியில் டேப்பால் ஒட்டி, அதை ஆட்டிக்கொண்டே கைப்பிடியிலிருந்து தண்டு வழியாகக் கீழே கொண்டுவாருங்கள். முதல் சத்தம் எங்கே வருகிறதோ, அதற்கு ஒரு சாண் மேலே தண்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே திருகாணியும் வேண்டாம், உலோக கிளிப்பும் வேண்டாம், டார்ச்சும் பின்பாயின்டரும் (தோண்டிய குழியில் துல்லியமாகத் தேடும் சின்னக் கைக்கருவி) வேண்டாம். மேலே, முழங்கைத் தாங்கியில் எஃகுத் திருகு இருந்தால் கவலையில்லை.

கார்பன் ஃபைபரைப் பலர் பிளாஸ்டிக் போல நினைத்துவிடுகிறார்கள். அது மின்சாரம் கடத்தும். நன்றாகச் செய்யப்பட்ட கார்பன் தண்டுகளில் காயிலோடு சேரும் கடைசிப் பகுதி மட்டும் பிளாஸ்டிக்கிலோ ஃபைபர்கிளாஸிலோ இருப்பது இதனால்தான். வேறெதற்கோ வாங்கிய கார்பன் குழாயை வெட்டி நேராகக் காயில் வரை இறக்கினால் சில கருவிகள் அதையே உலோகமாகக் காட்டும். துளை போடுவதிலும் கவனம் வேண்டும்: போடும் இடத்தில் டேப் சுற்றி, கூரான பிட்டை மெதுவாக ஓட்டி, சிலும்பிய விளிம்பில் எப்பாக்ஸி தடவுங்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம்.

போல்ட் பற்றி இன்னொன்று. காயில் தானாகத் தலைகுனிந்தால் உடனே போல்ட்டை இன்னும் இறுக்கத் தோன்றும். இறுக்கிக்கொண்டே போனால் உடைவது காயிலின் காதுகள், அதாவது போல்ட் நுழையும் அந்த இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகள். காது உடைந்தால் காயிலே போன மாதிரிதான். உண்மையில் தேய்ந்திருப்பது நடுவே இருக்கும் ரப்பர் வாஷர். அதைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தீராவிட்டால் மாற்றுங்கள். எண்ணெய் போட்டால் பிடிமானமே போய்விடும்.

கேபிளில் செய்யும் தவறுகள்

காயிலுக்கு அருகே தளர்ந்து ஆடும் கேபிளும் பொய்ச் சத்தம் தரும். அதனால் தண்டில் சீராகச் சுற்றி, வெல்க்ரோ பட்டையால் இரண்டு மூன்று இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கேபிள் டையை முழுமூச்சாக இழுத்து இறுக்குகிறவர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை நசுக்குகிறார்கள். காயிலிலிருந்து வெளிவரும் இடத்தில் மட்டும், காயிலை முன்னும் பின்னும் முழுதாக மடக்கிப் பார்த்து, இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

நீளமான தண்டு போட்டபின் கேபிள் எட்டவில்லை என்று நடுவில் வெட்டி ஒட்டுப்போடுவது பெரிய தவறு. காயிலின் மின்சுற்றில் கேபிளும் சேர்த்தி. அதன் நீளம் மாறினால் மின்தடையும் மின்தேக்கமும் மாறும். உறை சரியாக ஒட்டாவிட்டால் வெளி இரைச்சல் உள்ளே வரும், ஈரமும் வரும். அதற்குப் பதில் சுற்றுகளைக் குறைத்துப் பாருங்கள், அல்லது கண்ட்ரோல் பாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் தண்டைத்தான் குட்டையாக்க வேண்டும்.

பாரம் சேர்த்துச் சமன்செய்வது

கை வலிக்கிறது என்று பின்முனையில் பாரம் கட்டுவது எல்லாரும் முதலில் முயல்வது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 கிராம் காயில் கைப்பிடியிலிருந்து 100 செ.மீ. தள்ளி இருக்கிறது. கைப்பிடிக்குப் பின்னால் உங்களுக்குக் கிடைப்பது 30 செ.மீ. அதை முழுதாகச் சமன்செய்ய 2 கிலோ வேண்டும். தண்டு சமநிலையில் நிற்கும், ஆனால் அந்த 2 கிலோவையும் நீங்கள்தான் நாள் முழுக்கத் தூக்கி வீச வேண்டும். வீச்சின் முனையில் அதை நிறுத்தித் திருப்புவது மணிக்கட்டு.

பாரம் சேர்க்கும் முன் ஏற்கெனவே இருப்பதை இடம்மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டி தனியாகக் கழல்கிற கருவி என்றால் அதை முழங்கைக்குப் பின்னால் கொண்டுபோனாலே நிறைய வித்தியாசம் தெரியும். முழங்கைத் தாங்கியை முழங்கைக்குச் சற்று முன்னால் வருமாறு நகர்த்துங்கள். தண்டு தேவைக்கு மேல் நீண்டிருந்தால் குறையுங்கள். குனியாமல், எட்டிப்பிடிக்காமல், காயில் தரையை ஒட்டி வந்தால் அந்த நீளம் சரி. அப்புறமும் முன்பக்கம் கனத்தால் சின்னக் காயிலை யோசிக்கலாம். முழுச் சமநிலை தேவையே இல்லை, பாதி வந்தாலே கை நன்றி சொல்லும்.

தண்ணீரும் உப்பும் மணலும்

காயிலின் அடியில் மாட்டும் பாதுகாப்பு மூடியை, அதாவது காயில் கவரை, ஒட்டி மூடிவிடாதீர்கள். எப்படி மூடினாலும் ஈரமும் நுண்மணலும் உள்ளே போகும், பிறகு எடுக்க வழியிருக்காது. கடல் உப்பு ஊறிய மணலோ இரும்புத்தாது கலந்த கருமணலோ கவருக்குள் தங்கிவிட்டால் காயில் அதையும் படிக்கும். தேடி முடித்ததும் கவரைக் கழற்றிக் கழுவுங்கள். காயிலுக்கு உலோகத்தூள் கலந்த பெயிண்ட் கூடவே கூடாது.

கடலுக்குப் போய்வந்த தண்டை நல்ல தண்ணீரில், துண்டு துண்டாகக் கழற்றி அலசுங்கள். பூட்டுக்குள் இருக்கும் மணலோடு திருகினால் குழாய் கீறி, பூட்டு இறுகிக்கொள்ளும். அலுமினியக் குழாயும் கார்பன் குழாயும் நேரடியாக உரசும்படி சேர்த்திருந்தால் உப்புநீரில் அலுமினியம் வேகமாக அரிக்கும். நடுவே பிளாஸ்டிக் வளையம் வையுங்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல கருவிகளில் காயில் மட்டும்தான் நனையலாம், பெட்டி கூடாது. முழுதாக மூழ்கலாம் என்பவற்றிலும் எல்லை உண்டு: காரெட் ஏடி ப்ரோவுக்கு 3 மீட்டர், எக்ஸ்பி டியூஸ் 2க்கு 20 மீட்டர். அதோடு, வெயிலில் சூடேறிய பெட்டியை அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை சீல் வழியாக இழுக்கும். நிழலில் ஆறவிட்டு இறங்குங்கள். மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தாலும் நீர் கசியும். மூடும் முன் விரலால் முழுச்சுற்றும் தடவிப் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். கண்ணில் பட்ட வாஸ்லினைப் பூசினால் சில வகை ரப்பர் ஊதிப் பழுதாகும்.

நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஆல்கலைன் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். அவை கசிந்தால் முதலில் அரிப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை. லித்தியம் என்றால் முழுச் சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதி அளவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.