பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டு மொழியை விடாமல் இருக்க

சேலத்தில் அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளில் இருக்கும் தறிக்கார வீடுகள் பலவற்றில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. எல்கேஜி சேர்க்கும்வரை பிள்ளையும் அதையேதான் பேசும். அப்புறம் பாட்டி கேட்பதற்குப் பேரன் தமிழில் பதில் சொல்வான், கொஞ்ச நாளில் பாட்டியும் அவனுக்காகத் தமிழுக்கு மாறிவிடுவார். மொழி கைவிட்டுப் போவது பாட்டி மாறுகிற அந்த நேரத்தில்தான். அதனால் பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் நீங்கள் உங்கள் மொழியிலேயே தொடருங்கள். திட்ட வேண்டாம். உச்சரிப்பு தப்பினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேலி செய்தால் போதும், அந்தப் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். வேலையோடு சேர்த்துப் பேசுங்கள். வீட்டில் தறி இருந்தால் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போதும், பாவில் (தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில்) அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும்போதும், ஊடை நூலை ஓட்டும் நாடாவை எடுத்துத் தரச் சொல்லும்போதும் வீட்டு மொழி மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி இல்லையா, சமையல்கட்டு இருக்கிறது.

"வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க" என்று டீச்சர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வீட்டு மொழி பேசுவதால் படிப்பு கெடாது என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே 1956இல் 350அ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள்.

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் இல்லை) சிக்கல் வேறு மாதிரி. அவர்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் மலைத் தமிழ். அதைக் கொச்சை என்று வகுப்பில் திருத்தும்போது பிள்ளைக்குப் பேச்சோடு சேர்த்து அப்பா அம்மா மேலும் கூச்சம் வந்துவிடுகிறது, இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையிடம் பரீட்சைக்கு அந்தத் தமிழ், வீட்டுக்கு இந்தத் தமிழ், இரண்டும் சரிதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிப் போகாமல், பெரியவர்களோடு சேர்ந்து செய்ய ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு, 2008 முதல் யூனிகோடிலும் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழுதுவது என்று காத்திருக்க வேண்டாம், இப்போதைக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம்.

வயதானவர்கள் பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். "ஏதாவது பேசுங்க" என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். சாமையை உமி போக எப்படிக் குத்துவீர்கள், எப்படிப் புடைப்பீர்கள், பாவு எப்படி ஓட்டுவீர்கள் என்று வேலையைக் கேளுங்கள், நிறுத்தவே மாட்டார்கள். கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஃபைல் பெயரிலேயே போட்டு, இன்னொரு சொந்தக்காரர் போனிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள்.