கடுக்காய், துரு, படிகாரம்: கருப்பூர் பாணியில ஒரு துணி எழுதிப் பாப்போம் வாங்க

பழைய காலத்து உடுப்பு செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் நேரா கடைக்குப் போய் பிரிண்ட் போட்ட துணிய வாங்கி தச்சுடுறாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நம்ம கொள்ளிடக்கரையில கோடாலிக்கருப்பூர்னு ஒரு ஊர் இருக்கு, தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்களுக்குன்னே அங்க சேலை, வேட்டி, தலைப்பாகைத் துணியெல்லாம் செஞ்சு குடுத்தாங்க. மெல்லிசு பருத்தியில ஜரிகைய ஊடா விட்டு நெசவு பண்ணி, அது மேல மெழுகு வச்சு, கையால எழுதி, கருஞ்செவப்புல சாயம் ஏத்துவாங்க. 1855ல அந்த அரசு முடிஞ்சுபோனதுக்கு அப்புறம் வாங்க ஆள் இல்லாம அந்த வேலை மெல்ல மெல்ல நின்னுபோச்சு. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில கோயிலுக்கு தொம்பை (குழாயாட்டம் தொங்குற அலங்காரத் துணி), விதானம் (மேல கட்டுற துணி) எழுதுற குடும்பங்க கைல கலம்காரி, அதாவது கோலால துணியில எழுதிச் சாயம் ஏத்துற வேலை, இன்னும் இருக்கு, கருப்பூர் கலம்காரிக்கு 2021ல புவிசார் குறியீடும் கெடைச்சுது.

இப்ப நாம பண்ணப்போறது அதுல ஒரு சின்ன பகுதி மட்டும்: ஒரு மீட்டர் துணி, கருப்பு, செவப்பு ரெண்டே கலர். ஜரிகை, மெழுகெல்லாம் இப்ப வேணாம்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். இதுல கருப்பு நீங்க பூசுறது இல்ல, துணிக்குள்ள ஏற்கனவே இருக்குற கடுக்காயும் நீங்க வைக்கிற இரும்பும் சேர்ந்து அங்கயே உண்டாகுறது. அதனால படம் போடத் தெரியலையேன்னு கவலைப்படாதீங்க, உங்க நேரத்துல பாதிக்கு மேல துணிய தயார் பண்றதுக்கும் அலசுறதுக்கும் குடுங்க.

மொதல் வேலை துருத்தண்ணி, அதுதான் கருப்பு எழுதுற மை, ஏன்னா அதுக்குத்தான் நாள் ஆகும். லேத் பட்டறை, வண்டிப் பட்டறைன்னு எங்கயாவது கேட்டா துருப்பிடிச்ச ஆணி, லாடம், தகடு குடுப்பாங்க. அர கிலோ போதும். மண்பானையிலயோ பிளாஸ்டிக் வாளியிலயோ போட்டு, நூறு கிராம் வெல்லத்த ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு ஊத்தி, வாயில துணி கட்டி நெழல்ல வச்சிருங்க. இறுக்கமா மூடக்கூடாது, உள்ள புளிச்சு காத்து வரும். ரெண்டு மூணு வாரத்துல மேல நொரை கட்டி, புளிச்ச வாடை அடங்கி, தண்ணி பழுப்பா நிக்கும். வடிகட்டி கண்ணாடி பாட்டில்ல எடுத்து வச்சுக்குங்க, பிள்ளைங்க கை படாத எடத்துல.

அது ஊறுறப்பவே தண்ணிய சோதிச்சுருங்க. டெல்டாவுல பல ஊர்ல போர் தண்ணியில இரும்பு கலந்திருக்கும், அந்தத் தண்ணி பட்டா துணி முழுக்க சாம்பல் பூத்துடும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை கடுக்காய்ப்பொடி போட்டு கலக்கிட்டு கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க, மஞ்சளாவே இருந்தா நல்ல தண்ணி, நீலக்கருப்பா மாறுனா அந்தத் தண்ணிய தொடாதீங்க, மழைத்தண்ணியோ ஆத்துத்தண்ணியோ பிடிங்க.

அடுத்து துணி. வெளுக்காத காடாத்துணி வாங்குங்க, பாலியெஸ்டர் கலப்பு இருக்கவே கூடாது, ஓரத்துல ரெண்டு நூல எடுத்து கொளுத்திப் பாருங்க, சாம்பலா உதிரணும், உருண்டையா கட்டக்கூடாது. ராத்திரி முழுக்க தண்ணியில ஊறப்போட்டு, மறுநாள் பூந்திக்கொட்டை தண்ணியில கொதிக்கவச்சு கசக்கி அலசுங்க. கஞ்சிப்பசை சுத்தமா போகணும். காஞ்ச துணி மேல ஒரு சொட்டு தண்ணி விட்டா உடனே உள்ள இழுத்துக்கணும், முத்தா நின்னுச்சுன்னா இன்னொரு தடவ கொதிக்க வைங்க.

இப்பதான் கடுக்காய்ப்பால். நாட்டுமருந்துக் கடையில கொட்டை எடுத்த கடுக்காய்ப்பொடின்னு கேளுங்க. அம்பது கிராம் பொடிய அர லிட்டர் தண்ணியில ரெண்டு மணிநேரம் ஊறவச்சு மெல்லிசு துணியில வடிகட்டி, அதோட அர லிட்டர் காய்ச்சாத எருமைப்பால் சேர்க்கணும். பாக்கெட் பால்னா கொழுப்பு அதிகமா இருக்குறத வாங்குங்க, ஏன்னா மையை ஊறவிடாம கோட்ட கோடா நிறுத்துறது அந்தக் கொழுப்புதான். துணிய முக்கி நல்லா பெசஞ்சு பதினஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, ஒரே சீரா பிழிஞ்சு, மடிப்பு விழாம உச்சி வெயில்ல காயப்போடுங்க. ஒரு பக்கம் ஈரம் தேங்குனா அந்த எடத்துல மட்டும் அழுத்தமா மஞ்சள் பிடிச்சு கடைசி வரைக்கும் தெரியும். காஞ்ச துணிய அஞ்சாறு நாளுக்குள்ள எழுதி முடிச்சிருங்க, இல்லன்னா பால் வாடை அடிக்க ஆரம்பிச்சிரும்.

எழுதுகோலுக்கு மூங்கில் குச்சிய பென்சில் கணக்கா சீவி, கூர்லேர்ந்து ஒரு விரக்கடை மேல கம்பளித்துணிய சின்ன பந்தா சுத்தி நூலால கட்டுங்க. அந்தப் பந்துதான் மைய பிடிச்சு வச்சுக்கும், லேசா அமுக்குனா கூர்ல எறங்கும். துருத்தண்ணியில தொட்டு ஓரத்துல ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோல்லேர்ந்து எறங்குறப்ப வெறும் கலங்கத்தண்ணியாட்டம் இருக்குறது, துணியில பட்டு நீங்க ரெண்டு மூச்சு விடுறதுக்குள்ள சாம்பலாகி அப்படியே கருப்பா ஏறும், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அது அலுக்கல. கோடு பரவுச்சுன்னா பால் பத்தலன்னு அர்த்தம், துணிய திரும்ப ஒரு முக்கு முக்கி காயவைங்க.

என்ன எழுதுறதுன்னு கேட்டா, கட்டம், இலை, நட்சத்திரம்னு சின்ன வடிவம் ஒண்ணே திரும்பத் திரும்ப வர்ற மாதிரி எடுத்துக்குங்க. தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்குப் போய் சோழர் காலத்து செப்புத்திருமேனிங்களோட அரையாடைய கிட்ட நின்னு பாருங்க, பட்டை பட்டையா கோடும் பூவும் வெட்டியிருப்பாங்க, எழுதிப் பழக அருமையான மாதிரி. ஆனா செம்புல கலர் கெடையாது, அது நெசவுல வந்த பூவா எழுதுன பூவான்னும் அத வச்சு சொல்லிட முடியாது. அதனால செவப்பு கருப்புல எழுதிட்டு சோழர் காலத்து உடைன்னு பேர் வைக்காதீங்க. இந்தக் கலர் மராட்டியர் காலத்துக்குப் பொருந்தும்.

கருப்பு நல்லா காஞ்சதும் செவப்பு வரவேண்டிய எடத்துல படிகாரம். எழுபத்தஞ்சு கிராம் படிகாரத்த அர லிட்டர் வெந்நீர்ல கரைச்சு ஆறவச்சு இன்னொரு கோல்ல தடவுங்க, துருத்தண்ணி தொட்ட கோல் இதுல படவே கூடாது. தடவுன எடம் கண்ணுக்கு சரியா தெரியாது, அதுக்காக கொஞ்சம் மஞ்சிட்டி (செவப்புச் சாயம் குடுக்குற வேர்) கஷாயம் சேர்த்துக்குங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுருங்க.

அப்புறம் அலசணும், அதுவும் ஓடுற தண்ணியில. வாளியில முக்குனா துணியில ஒட்டாம கழண்டு வர்ற படிகாரம் சுத்தி இருக்குற வெறும் எடத்துல போய் ஒட்டி, செவப்பு அங்கயும் ஏறிடும். வழக்கமா ஜூன் 12 மேட்டூர் தெறந்து ஜனவரி 28 மூடுற வரைக்கும் நமக்கு வாய்க்கால்ல தண்ணி ஓடும், இந்த வேலைய அதுக்குள்ள வச்சுக்குறது நல்லது. கோடையில பண்றவங்க டியூப்ல தண்ணி விட்டு, துணிய விரிச்சுப் பிடிச்சு அலசுங்க.

செவப்புக்கு அந்தக் காலத்துல சோழமண்டலக் கரையில சாயவேர்தான், இம்பூரல்னு சொல்ற செடியோட வேர். மருந்துக்கடையில அத செடியோடதான் பொடிச்சு விக்கிறாங்க, அதனால ஆரம்பிக்கிறவங்களுக்கு மஞ்சிட்டி சுலபம். நூறு கிராம் பொடிய சில்வர் பாத்திரத்துல நெறைய தண்ணியோட போட்டு, ஈரத்துணிய உள்ள விட்டு, சின்ன தீயில மெதுவா சூடேத்துங்க. தளதளன்னு கொதிச்சா செவப்பு மங்கி பழுப்படிக்கும். ஒரு மணிநேரம் கட்டையால பொரட்டிக்கிட்டே இருங்க, துணி ஒரே எடத்துல கெடந்தா திட்டு விழும். இரும்புச்சட்டி கூடவே கூடாது, இந்தப் பாத்திரத்துல திரும்ப சமைக்கவும் கூடாது.

எடுத்தவுடனே துணி பூரா செவந்து கெடக்கும், பயப்படாதீங்க. அலசிட்டு, சாணி கரைச்ச தண்ணியில ராத்திரி முக்கி வச்சு, காலையில கசக்கி புல்லு மேல விரிச்சு, காயக்காய தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. மூணு நாலு நாள் வெயில்ல வெறும் எடமெல்லாம் வெளுத்து, படிகாரம் வச்ச எடம் மட்டும் செவப்பா நிக்கும். சோப்பும் சோடாவும் போட்டா செவப்பு ஊதா பக்கம் போகும், பூந்திக்கொட்டையே போதும். கலர் பத்தலன்னு தோணுச்சுன்னா படிகாரத்த மட்டும் திரும்ப தடவி, ஒரு நாள் விட்டு, அலசி, புது மஞ்சிட்டியில இன்னொரு தடவ போடலாம், கருப்பு அதுக்கெல்லாம் அசையாது.