தினமும் தலையை மூடுபவர்களுக்கு: நெற்றியிலும் உச்சந்தலையிலும் பரு வராமல் தடுக்கும் முறை

ஹிஜாப், தலைப்பாகை, தொப்பி, ஹெல்மெட் என எதுவாக இருந்தாலும், நாள் முழுவதும் தலையை மூடியிருப்பவர்களுக்கு நெற்றியின் மேற்பகுதியிலும் முடி தொடங்கும் இடத்தை ஒட்டியும் பருக்கள் தோன்றுவது அடிக்கடி காணப்படும் தொல்லைதான். துணியின் உராய்வும் அழுத்தமும், அதன் அடியில் தேங்கும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்து மயிர்க்கால்களின் வாயை அடைத்துவிடுவதால், உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியேற வழியின்றிப் பருவாகிறது. இதற்காகத் தலையை மூடும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பைப் பூசினாலும் முழுப் பலன் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புவதால், மருந்துக்கு முன்பு துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: உள்துணியைக் கவனியுங்கள்

வெளியே தெரியும் துணியைவிட, அதன் அடியில் நெற்றியை ஒட்டியிருக்கும் உள்தொப்பியோ பட்டையோதான் முக்கியம். வியர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்தித் துணியையே அதற்குத் தேர்ந்தெடுங்கள். காற்றுப் புகாத பாலியெஸ்டர் துணியையும், ஓரத்தில் தடித்த தையலோ இறுக்கமான எலாஸ்டிக்கோ உள்ளவற்றையும் தவிர்த்துவிடுங்கள். கழற்றியபின் நெற்றியில் அழுத்தத் தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தால், கட்டு தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். உள்துணியை ஒரு நாள் அணிந்தபின் துவைக்காமல் மறுநாள் அணியக் கூடாது என்பதால், மாற்றி மாற்றி அணியப் போதுமான அளவு வைத்திருப்பது நல்லது. அதிகம் வியர்த்தால் அன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். வாசனை சேர்க்காத சலவைத்தூளில் துவைத்து, தூளின் மிச்சம் துணியில் தங்காதபடி நன்றாக அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே மடித்து வையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சிலருடைய தோலை உறுத்தும் என்பதால் அது இல்லாமலே இருக்கலாம். ஹெல்மெட் அணிபவர்கள் கழற்றக்கூடிய உள்மெத்தையை அவ்வப்போது துவைப்பதோடு, அடியில் ஒரு பருத்தித் துணியையும் கட்டிக்கொள்ளலாம்.

படி 2: ஈரத் தலையை மூடாதீர்கள்

காலையில் குளித்த ஈரத்தோடு தலையை மூடினால், அந்த ஈரம் மணிக்கணக்கில் அங்கேயே நின்று, தோலில் இயல்பாக வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருக வழி செய்கிறது. காலையில் முடியை முழுவதும் உலர்த்த நேரம் இல்லாதவர்கள் முந்தைய மாலையிலேயே தலைக்குக் குளித்துவிடுவது எளிது.

படி 3: எண்ணெயும் கழுவும் வரிசையும்

தலையில் தேய்க்கும் எண்ணெயும், முடியைப் படிய வைக்கும் மெழுகு போன்ற பூச்சுகளும் துணியோடு சேர்ந்து நெற்றிக்கு இறங்கிவிடும். எண்ணெய் வேண்டுமென்றால் முடியின் நுனிப்பகுதியில் மட்டும் தடவுங்கள், அல்லது தலைக்குக் குளிப்பதற்குச் சற்று முன்பு தேய்த்து, ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். கண்டிஷனரை அலசிய பிறகே முகம் கழுவ வேண்டும். முதலில் முகத்தைக் கழுவினால், அலசும்போது வழிந்த கண்டிஷனர் நெற்றியில் தங்கிவிடும். காலை, மாலை, அதிகம் வியர்த்த பின்பு ஆகிய வேளைகளில் மென்மையான சோப்பில் கழுவினால் போதும். அழுத்தித் தேய்ப்பது, ஏற்கெனவே துணியின் உராய்வால் புண்பட்ட தோலை மேலும் வீங்கச் செய்யும்.

படி 4: மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

கருமுள் (பிளாக்ஹெட்), வெண்முள் (வைட்ஹெட்), சிவந்த பரு எல்லாம் கலந்து காணப்பட்டால் அது பெரும்பாலும் சாதாரணப் பருதான். 0.5 முதல் 2 சதவீதம் வரையிலான சாலிசிலிக் அமிலம் அடைப்பை இளக்கும். சிவந்த பருக்களுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடே போதும், ஏனெனில் 10 சதவீதம் எரிச்சலைக் கூட்டுமே தவிரப் பலனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆனால் பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதைத் தலைத்துணி அணிபவர்கள் மறக்கக் கூடாது. அதைப் பூச்சாகப் போட்டுத் துணி கட்டுவதைவிட, முகம் கழுவும் திரவமாக இரவில் பயன்படுத்தி நன்றாக அலசிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்போதும் துடைக்க வெள்ளைத் துண்டையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துகளை ஒரே நேரத்தில் தொடங்காமல், ஒன்றைத் தேர்ந்து 6 முதல் 8 வாரம் வரை பொறுமையாகத் தொடருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எதையும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவதே முறை.

ஒரே அளவில், நெருக்கமாக, அரிப்போடு சிறு பொரிகள் நிறைந்திருந்தால் அது பருவாக இல்லாமல், பூஞ்சையால் மயிர்க்கால்களில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதைக் குணப்படுத்தாது. சில வேளைகளில் அதிகமாக்கவும் கூடும். பொடுகும் சேர்ந்திருந்தால், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை உச்சந்தலையில் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசிப் பார்க்கலாம்.

படி 5: மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

வலிக்கும் கட்டி, பரவும் சீழ், தழும்பு, பருக்கள் இருக்கும் இடத்தில் முடி உதிர்தல், பிடரியில் கெட்டியான புடைப்புகள் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஏனெனில் தழும்பு விழுந்த மயிர்க்காலில் முடி மீண்டும் முளைப்பதில்லை. செல்லும்போது தினமும் அணியும் உள்துணியையும், தலைக்குப் பயன்படுத்தும் எண்ணெய், ஷாம்பு ஆகியவற்றின் பெயர்களையும் கொண்டு சென்றால், காரணத்தைக் கண்டறிவது அவருக்கு எளிதாக இருக்கும்.