அமரோனே ஒயினைச் சுவைக்கத் தொடங்குவோருக்கு

இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே, வால்போலிசெல்லா குன்றுகளில் உருவாகும் அமரோனேயை முதன்முறை சுவைப்பவர்கள் பெரும்பாலும் திகைக்கிறார்கள். மூக்கு இனிப்பு என்று சொல்வதை நாக்கு ஒப்புக்கொள்வதில்லை. அதற்கான காரணம் அது செய்யப்படும் முறையில் இருக்கிறது.

கொர்வினா, கொர்வினோனே, ரோந்தினெல்லா ஆகிய திராட்சைகளைப் பறித்தவுடன் நசுக்காமல், காற்றோட்டமான பரண்களில் தட்டுகளில் பரப்பி ஏறத்தாழ 3 முதல் 4 மாதங்கள் வரை உலர வைக்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து பழத்தின் சாரமும் சர்க்கரையும் செறிந்த பிறகு நொதிக்க விடுகிறார்கள். அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறிவிடுவதால், மணத்தில் உலர்ந்த பழம் நின்றாலும் சுவையில் இனிப்பு மிகக் குறைவு. நொதித்தலை இடையில் நிறுத்திச் சர்க்கரையை எஞ்ச விட்டால் கிடைப்பது ரெச்சோத்தோ என்னும் இனிப்பு ஒயின். அதிலிருந்து வேறுபடுத்தவே, கசப்பைக் குறிக்கும் 'அமரோ' என்ற சொல்லிலிருந்து அமரோனே என்ற பெயர் பிறந்தது.

முதலில் வெப்பநிலையைக் கவனியுங்கள். குறைந்தது 14 சதவீத ஆல்கஹால் விதிப்படி தேவை. 15, 16 சதவீதமும் வழக்கம். நான் முதலில் சுவைத்த பாட்டில் வெப்பமான அறையில் இருந்ததால் எரிச்சலைத் தவிர எதையும் உணரவில்லை. 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, ஒரு மணி நேரம் முன்பே திறந்து, அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி வையுங்கள்.

அடுத்து, அகன்ற கோப்பையில் கால்பங்குக்கு மேல் ஊற்றாமல், சுழற்றும் முன் ஒருமுறையும் சுழற்றிய பின் ஒருமுறையும் முகருங்கள். செர்ரி, உலர் அத்தி, கிராம்பு, கோகோ போன்ற மணங்கள் ஒவ்வொன்றாக மேலெழும். எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிறகு ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் வாயில் எடுத்து, சில விநாடிகள் நாவெங்கும் பரவவிட்டு விழுங்குங்கள். கனிந்த பழமும் தொண்டையில் இதமான சூடும் முதலில் தெரியும். பின்னர் ஈறுகளை இறுக்கும் துவர்ப்பும், கடைசியில் பாதாம் தோலை மென்றதுபோன்ற மெல்லிய கசப்பும் வரும். அமரோனேயின் அடையாளம் அந்தக் கசப்பே என்பதால், அது அடங்கும்வரை அடுத்த மிடறுக்கு அவசரப்படாதீர்கள்.

உணவு என்று வரும்போது வெரோனாக்காரர்களின் வழக்கமே சிறந்த வழிகாட்டி. மாட்டிறைச்சியை இதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாத்தோவும், ஒயினின் நிறமேறிய, குழைவான அரிசி உணவான ரிசோத்தோவும் அங்கே இதற்கென்றே சமைக்கப்படுபவை. சமைக்க நேரமில்லையெனில், நன்கு முதிர்ந்த மோந்தே வெரோனேசே அல்லது பார்மிஜானோ பாலாடைக்கட்டி போதும். ஒரு மிடறு, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, மீண்டும் ஒரு மிடறு என்று சுவைத்துப் பாருங்கள். பாலாடைக்கட்டியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிப்பதால் இரண்டாவது மிடறு கண்கூடாக மென்மையாக இருக்கும். மென்மையான மீன் வகைகள் இதன் முன் அடங்கிப்போகும். மிளகாய்க் காரமோ ஆல்கஹாலோடு சேர்ந்து இருமடங்காக எரியும்.

மீந்ததை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 3 நாட்கள் வரை தாங்கும். அருந்துவதற்குச் சற்று முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.